மார்மன் பயோனியர்களோட வாழ்க்கைக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துலயும் டென்மார்க்லயும் வீட்ட வித்துட்டு, அமெரிக்காவுல உட்டாங்கிற பகுதியில ஒரு உப்பு ஏரி ஓரமா குடியேறப் போன சாதாரண மார்மன் ஜனங்களோட (பயோனியர்னு இவங்களத்தான் சொல்றது) டைரிகளையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் நான் சில வருஷமா விடாம படிச்சுட்டு வர்றேன். நான் மார்மன் சர்ச்சச் சேர்ந்தவன் இல்ல, ஆனா இந்த ஜனங்க மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இதப் பத்திப் பேசினாலே எல்லாரும் திரும்பத் திரும்ப கேட்கிறது கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான், அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன்.

மார்மன்னா யாரு? கிறிஸ்தவங்கதானா?

1830 ஏப்ரல் 6-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்துல ஃபயெட்ங்கிற ஊர்ல, ஜோசப் ஸ்மித்ங்கிற 24 வயசுப் பையன் ஆரம்பிச்ச சபை இது. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் மார்மன் புத்தகம்னு ஒரு வேத நூல அவர் அச்சடிச்சு வெளியிட்டிருந்தார், அந்தப் பேர வெச்சு வெளியில இருந்தவங்க கூப்பிட்ட பேருதான் மார்மன். முழுப் பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2018-லேருந்து சபைத் தலைமையே மார்மன்னு சொல்லாதீங்க, முழுப் பேரச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கு. பழைய காலத்துக்காரங்களப் பத்திப் பேசுறதால நான் பழைய பேரையே எழுதுறேன், யாரையும் மட்டம் தட்ட இல்ல. கிறிஸ்தவங்களான்னு கேட்டா அவங்க ஆமான்னு சொல்வாங்க, மத்த சபைகள் பலது இல்லன்னு சொல்லும், அந்தத் தகராறு இங்க வேணாம்.

ஏன் ஊர் ஊரா ஓடினாங்க?

போன இடத்துல எல்லாம் கூட்டமா குடியேறினாங்க, கூட்டமா ஓட்டுப் போட்டாங்க, நிலம் வாங்கினாங்க, பக்கத்துல இருந்தவங்களுக்குப் பயமும் கோபமும் வந்துச்சு. மிசூரியில அது சண்டையாவே ஆகி, 1838 அக்டோபர் 27-ல கவர்னர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்கள மாநிலத்த விட்டுத் துரத்தணும் இல்லன்னா அழிச்சிடணும்னு எழுத்துலயே உத்தரவு போட்டார். மூணு நாள் கழிச்சு ஹான்ஸ் மில்ங்கிற சின்னக் குடியிருப்புல 17 பேரச் சுட்டுக் கொன்னாங்க. அங்கேருந்து இல்லினாய்ஸ் போய், மிசிசிப்பி ஆத்தங்கரையில சதுப்பு நிலத்த வடிகட்டி நாவூன்னு ஒரு ஊரையே கட்டினாங்க. அங்கயும் தகராறு. 1844 ஜூன் 27-ல கார்த்தேஜ் ஊரு ஜெயில்ல அடைச்சு வெச்சிருந்த ஜோசப் ஸ்மித்தையும் அண்ணன் ஹைரமையும் ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்னுச்சு.

அந்த ஹைரமோட மனைவி மேரி ஃபீல்டிங் இங்கிலாந்துல பிறந்து, கனடா போயி, டொராண்டோவுல இந்த சபையில சேர்ந்தவங்க. புருஷன் போனப்ப மூணு வயசுக் குழந்தையோட சேர்த்து வீடு நிறைய பசங்க. 1848-ல அந்தம்மா மாட்டு வண்டி பூட்டி ஆயிரம் மைல் தாண்டினாங்க, கூட நடந்த ஒன்பது வயசு மகன் ஜோசப் எஃப். ஸ்மித்தான் 1901-ல சபைத் தலைவரா ஆனவர்.

இங்கிலாந்து தொழிலாளிங்க எப்படி இதுல போய்ச் சேர்ந்தாங்க? அமெரிக்கச் சபையாச்சே?

நானும் முதல்ல இதத்தான் கேட்டேன். 1837-ல ஹீபர் கிம்பல்ங்கிறவர் தலைமையில சில பேர் லிவர்பூல்ல இறங்கி, பிரெஸ்டன் ஊருக்குப் போனாங்க. பஞ்சாலை ஊரு, புகை, கூலி கம்மி, பசி. அந்த ஜூலை 30-ஆம் தேதி ரிபிள் ஆத்துல ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம். யாரு முதல்ல முழுக்கு வாங்குறதுன்னு போட்டி வந்து ரெண்டு பேர் ஆத்தங்கரை வரைக்கும் ஓட்டப்பந்தயமே ஓடினாங்க, ஜெயிச்சது ஜார்ஜ் வாட்ங்கிற இளைஞர். இந்த வாட் பிற்பாடு சுருக்கெழுத்து கத்துக்கிட்டு உட்டாவுல பிரசங்கங்கள அப்படியே எழுதி வெச்சவர், இன்னைக்கு அந்தப் பேச்சுகள் நம்ம கையில இருக்குன்னா அவர் கைதான் காரணம்.

கொஞ்ச வருஷத்துல எப்படி வளர்ந்துச்சுன்னா, 1850 சென்சஸ்ல உட்டா மொத்த ஜனத்தொகையே 11,380, அதே சமயம் பிரிட்டன்ல மட்டும் 30,000-க்கும் மேல மார்மன்கள் இருந்தாங்க. டென்மார்க்குல 1849-ல புது அரசியல் சட்டம் மத சுதந்திரம் கொடுத்துச்சு, மறு வருஷமே ஆள் போயிடுச்சு, 1851-ல மார்மன் புத்தகம் டேனிஷ்ல அச்சாச்சு, ஆங்கிலம் தவிர வேற மொழியில முதல் பதிப்பு அதுதான்.

மதம் மட்டுந்தான் காரணமான்னு கேட்காதீங்க, வறுமை மட்டுந்தான் காரணமான்னும் கேட்காதீங்க. "கூடிச் சேர்றது"ன்னு அவங்ககிட்ட ஒரு கொள்கையே இருந்துச்சு, நம்பினவங்க எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து சேரணும்னு. எந்த ஜென்மத்துலயும் சொந்த நிலம் வாங்க முடியாத நெசவாளிக்கு, வா, உனக்கு நிலமும் இருக்கு கடவுளும் கூப்பிடுறார்னு ஒரே வாயால சொன்னா அவர் எதுக்காகப் போனார்னு நாம எப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியும்? அவங்களே பிரிச்சுப் பார்த்திருக்க மாட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

கப்பலுக்கு காசு?

1849-ல பெர்பெச்சுவல் எமிக்ரேட்டிங் ஃபண்ட்னு ஒரு சுழல் நிதி ஆரம்பிச்சாங்க. கடன் வாங்கிட்டுப் போ, போய்ச் சேர்ந்து சம்பாதிச்சுத் திருப்பிக் கட்டு, அந்தக் காசுல அடுத்தவங்க வருவாங்க. பல பேரால திருப்பிக் கட்ட முடியல, ஆனாலும் 1887-ல அரசாங்கம் அத மூடுற வரைக்கும் ஓடுச்சு. கப்பல் ஏறினதும் ஆளுங்கள வார்டு வார்டா பிரிச்சு, எழுந்திரிக்கிற நேரம், பெருக்குற முறை, ஜெபம், சமையல் முறைன்னு எல்லாத்துக்கும் பொறுப்பாளி போட்டிருவாங்க. 1863-ல லண்டன்லேருந்து கிளம்புன அமேசான் கப்பல பார்க்கப் போன சார்லஸ் டிக்கன்ஸ், குறை சொல்ல வேண்டி வந்தா சொல்லணும்னு நினைச்சுதான் போனார், அந்த ஒழுங்கப் பார்த்து அசந்துபோய் நல்லபடியா எழுதிட்டார். முதல்ல நியூ ஆர்லியன்ஸ்ல இறங்கி மிசிசிப்பி வழியா மேல போறதுதான் வழக்கம், அந்த ஆத்துப் பாதையில காலரா நிறைய பேரக் கொண்டு போனதால 1855-லேருந்து நியூயார்க், பாஸ்டன் பக்கம் மாத்திட்டாங்க.

முதல் கூட்டத்துல எத்தனை பேரு?

1847-ல, ஜோசப் ஸ்மித்துக்கு அப்புறம் சபைத் தலைமை ஏத்த பிரிகம் யங்கோட, நாவூவையும் விட்டுட்டு மேற்குப் பக்கம் போன முதல் கூட்டம் 143 ஆம்பளைங்க, 3 பொம்பளைங்க, 2 குழந்தைங்க. சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு யங் வந்து சேர்ந்த ஜூலை 24 இன்னைக்கும் உட்டாவுல அரசு விடுமுறை.

இந்தக் கூட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வில்லியம் கிளேட்டன், லங்காஷயர்ல பிறந்த கிளார்க், பிரெஸ்டன் பக்கத்துல ஆரம்பத்துலயே சேர்ந்தவர். தினமும் எவ்வளவு தூரம் வந்தோம்னு எல்லாரும் குத்துமதிப்பா சொல்றது அவருக்குப் பொறுக்கல. கிம்பலோட வண்டிச் சக்கரத்த அளந்தார், சுத்தளவு 14 அடி 8 அங்குலம், அப்போ 360 சுத்து சுத்துனா சரியா ஒரு மைல். சக்கரத்துல ஒரு சிவப்புத் துணியக் கட்டிட்டு, அது மேல வர்றப்பல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே நாள் பூரா வண்டி பக்கத்துல நடந்தார். 1847 மே 8, சாயங்காலம் வரைக்கும் 4,070 சுத்து. பதினொன்னேகால் மைலும் மேல 20 சுத்தும்னு டைரியில எழுதி வெச்சிருக்கார். எருமைக் கூட்டமும் தூசியும் இருக்கிற புல்வெளியில, யாராவது பேச்சுக் கொடுத்தா கணக்கு விட்டுப் போயிடும்னு வாயத் திறக்காம ஒரு மனுஷன் சக்கரத்தையே பார்த்துட்டு நடந்திருக்கார், அதையே நான் நினைச்சுக்கிட்டு இருப்பேன். நாலஞ்சு நாள் இப்படி எண்ணினப்புறம் மரப் பல்சக்கரம் வெச்சு தானா எண்ற ஒரு கருவியச் செஞ்சு மாட்டினாங்க. மறு வருஷம் அந்தக் கணக்க வெச்சு அவர் போட்ட வழிகாட்டிப் புத்தகம், எந்த ஓடை எத்தனாவது மைல்ல வரும்னு பின்னாடி வந்தவங்களுக்கு ரொம்ப உதவுச்சு.

அந்த முதல் கூட்டத்துல அடிமைகளும் இருந்தாங்களாமே?

ஆமா. கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பின்னு மூணு கறுப்பின மனுஷங்க, தெற்கு மாநிலத்து மார்மன் குடும்பங்களுக்கு அடிமைகளா இருந்தவங்க, பாதை சரி பண்றதுல இருந்து எல்லா வேலையும் செஞ்சாங்க. சால்ட் லேக் நகரத்துல இருக்கிற நினைவுச் சின்னத்துல பேரு இருக்கு, ஆனா "நிறமுள்ள வேலைக்காரர்கள்"ங்கிற தலைப்புக்குக் கீழ தனியா. 1852-ல உட்டா சட்டசபை அடிமை முறைக்கு சட்டமே போட்டுச்சு, 1862-ல அமெரிக்க காங்கிரஸ் ஒழிச்ச வரைக்கும் இருந்துச்சு. இத விட்டுட்டு பயோனியர் கதைய சொல்றது நியாயமே இல்ல.

எல்லாரும் கைவண்டி இழுத்துட்டுதான் போனாங்களா? படத்துல எல்லாம் அப்படித்தான் இருக்கு.

இல்ல. ரயில் வர்ற வரைக்கும், அதாவது 1847-லேருந்து 1869 வரைக்கும், அறுபது எழுபதாயிரம் பேர் போனாங்கன்னு சொல்றாங்க, அதுல கைவண்டிக்காரங்க ஏறக்குறைய 3,000 பேர்தான், 1856-லேருந்து 1860 வரைக்கும் பத்துக் கூட்டம். மத்தவங்க மாட்டு வண்டி. ஆனா மாட்டு வண்டின்னாலும் வண்டியில சாமான்தான் ஏறும், ஜனங்க பக்கத்துல நடந்துதான் போனாங்க.

கைவண்டி யோசனை வந்ததே காசு பத்தாமதான். அயோவா சிட்டி வரைக்கும் ரயில், அங்கேருந்து 1,300 மைல் மனுஷனே இழுக்கணும். பெரியவங்க ஒருத்தருக்கு சாமான் 17 பவுண்டு, அதாவது ஏழே முக்கால் கிலோ, படுக்கை துணி பாத்திரம் எல்லாம் சேர்த்து. இன்னைக்கு விமானத்துல கையில எடுத்துட்டுப் போக விடுற ஏழு கிலோ பையோட கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் மொத்த வாழ்க்கைக்கும். ஒரு கூடாரத்துல இருபது பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு மாவு.

முதல் மூணு கூட்டம் நல்லபடியா போய்ச் சேர்ந்துடுச்சு. நாலாவதும் அஞ்சாவதும்தான் வில்லி கூட்டம், மார்ட்டின் கூட்டம். கப்பலே லேட்டு, அயோவாவுல வந்து பார்த்தா வண்டியே தயாரா இல்ல, அவசரமா காயாத பச்சை மரத்துல அடிச்சுக் கொடுத்த வண்டிங்க வறண்ட காத்துல விரிசல் விட்டுச்சு, அச்சுல தூசி ஏறித் தேய்ஞ்சுது, சாப்பிட வெச்சிருந்த பன்றிக் கொழுப்பையும் சோப்பையும் எடுத்துத் தடவினாங்க. செப்டம்பர்ல ஒரு ராத்திரி வில்லி கூட்டத்தோட மாடுங்க முப்பது போல ஓடிப்போச்சு, வண்டி மாடு இல்லாததால மாவு மூட்டையும் கைவண்டியிலயே ஏறிடுச்சு. அக்டோபர் 19-ல பனிப்புயல். அதுக்குள்ள மாவு அளவையும் குறைச்சுக்கிட்டே வந்திருந்தாங்க.

சால்ட் லேக்ல பிரிகம் யங்குக்கு இவங்க இன்னும் வழியிலதான் இருக்காங்கன்னு அக்டோபர் 4-லதான் தெரிஞ்சுது. மறுநாளே கூட்டத்துல எழுந்து, போய் அந்த ஜனங்களக் கூட்டிட்டு வாங்க, மத்தப் பிரசங்கம் அப்புறம்னு சொன்னார். அங்கேயே பெண்கள் உள்பாவாடையும் காலுறையும் கழட்டிக் கொடுத்தாங்கன்னு லூசி மெசர்வ் ஸ்மித்ங்கிற அம்மா தன் நினைவுகள்ல எழுதியிருக்காங்க. 7-ஆம் தேதி முதல் வண்டிகள் கிளம்பிடுச்சு. வில்லி கூட்டத்த 21-ல போய்ப் பிடிச்சாங்க, ஆனா அதோட முடியல, 23-ஆம் தேதி ராக்கி ரிட்ஜ்ங்கிற மேட்ட அந்தப் பனியில ஏறித்தான் ஆகணும். மறுநாள் காலையில ராக் கிரீக்ல பதிமூணு பேர ஒரே குழியில வெச்சாங்க, அந்தக் குழிய வெட்டினவங்கள்ல ரெண்டு பேர் அன்னைக்கே செத்து பக்கத்துலயே புதைச்சாங்க.

ரெண்டு கூட்டத்துலயும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பேர்ல 200-க்கும் மேல வழியிலயே போயிட்டாங்க.

யார் தப்பு இது? ஒருத்தர்கூட தடுக்கலயா?

ஒருத்தர் தடுத்தார், லீவை சாவேஜ். ஆகஸ்ட் 13, இன்னைக்கு ஓமஹா பக்கத்துல இருக்கிற ஃபிளாரன்ஸ் முகாம்ல, இப்பவே போகலாமா இல்ல குளிர்காலம் இங்கயே தங்கலாமான்னு பேச்சு. கூட்டத்துல அந்தப் பாதைய அனுபவத்துல தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, அதுல சாவேஜ் ஒருத்தர். முழங்கால் பனியில நடக்க வேண்டி வரும், ராத்திரி மெல்லிசு போர்வையச் சுத்திக்கிட்டு உறைஞ்ச தரையில படுக்க வேண்டி வரும்னு சொன்னேன்னு அன்னைக்கே டைரியில எழுதியிருக்கார். ஆனா ஓட்டு, இப்பவே போகலாம்ங்கிற பக்கம் விழுந்துச்சு. அவருக்கு ஊரு திரும்ப வேற வழி பார்த்துக்க முடியும், ஆனா அந்த ஜனங்களோடவே போனார்.

நீங்க போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, நானும் வர்றேன், உங்களோட உழைப்பேன், தேவைன்னா உங்களோட சாவேன்னு அவர் சொன்னதா ஒரு பேச்சு ரொம்பப் பிரபலம். அத எழுதினது ஜான் சிஸ்லெட், அதே கூட்டத்துல வந்த ஆங்கிலேயர், பிற்பாடு சபைய விட்டே விலகினவர், 1873-ல அச்சான அவரோட நினைவுகள்ல இருக்கு. சபைய விட்டுப் போனவரே இவ்வளவு மரியாதையா எழுதியிருக்கார்னா சாவேஜ் எப்படிப்பட்ட மனுஷனா இருக்கணும்னு பாருங்க. ஆனா வார்த்தைக்கு வார்த்தை அதுதான் சொன்னார்னு எடுத்துக்க வேணாம், பதினேழு வருஷம் கழிச்சு அச்சானது.

தப்புன்னு கேட்டா, வழியில இவங்களத் தாண்டிப் போன ஃபிராங்க்ளின் ரிச்சர்ட்ஸ்ங்கிற தலைவர் கடவுள் காப்பாத்துவார்னு தைரியம் சொல்லிட்டுப் போனார், பிரிகம் யங் பிற்பாடு அவர் மேல பழி போட்டார். எனக்கு யங் மேலயும் பாதிப் பொறுப்பு உண்டுன்னுதான் படுது, செலவக் குறைக்கணும்னு திட்டத்த அவசரமா தள்ளினது அவர்தான். அதே யங்தான் சேதி வந்த மறுநாளே ஆள் அனுப்பினார். ரெண்டும் உண்மை.

ஜனங்களத் தூக்கி ஆத்தக் கடத்திவிட்ட மூணு பையன்கள் செத்துப்போனாங்கன்னு சொல்றாங்களே?

மார்ட்டின் கூட்டம் ஸ்வீட்வாட்டர் ஆத்துல ஐஸ் மிதக்கிற தண்ணிய தாண்ட முடியாம நின்னப்ப, மீட்க வந்த இளைஞர்கள் முதுகுல சுமந்து கடத்தினது உண்மை. மூணே பேர், எல்லாருக்கும் 18 வயசு, அந்தக் குளிராலயே மூணு பேரும் செத்தாங்கங்கிறது பிற்பாடு வளர்ந்த கதை. சுமந்தவங்க மூணு பேருக்கும் மேல, அந்தப் பேர் சொல்ற ஆளுங்க அதுக்கப்புறம் பல வருஷம் வாழ்ந்தாங்க. இதச் சொன்னா சில பேருக்கு மனசு கஷ்டமாயிடுது. அந்த ஆத்துல இறங்கினதே போதாதா, எதுக்கு அவங்களச் சாகடிக்கணும்?

நெல்லி யாரு?

எலன் பூசெல், வீட்டுல நெல்லி. இங்கிலாந்துல பிறந்து, அப்பா அம்மா அக்கா மேகியோட மார்ட்டின் கூட்டத்துல வந்தப்ப ஒன்பது வயசு. வழியில அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. காலு உறைஞ்சு, சால்ட் லேக் வந்ததும் ரெண்டு காலையும் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. கசாப்புக் கத்தியும் தச்சு ரம்பமும் வெச்சுதான் எடுத்தாங்க, மயக்க மருந்து இல்லன்னு குடும்பத்துல சொல்லி வந்திருக்காங்க. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் முழங்காலாலதான் நடந்தாங்க. சீடர் சிட்டியில கல்யாணம், ஆறு குழந்தைங்க, துணி துவைச்சுக் கொடுத்து பின்னல் வேலை செஞ்சு பிழைச்சாங்க. 1915-ல இறந்தாங்க. அந்த ஊர்ல சிலையா நிக்கிறது ஓடி விளையாடுற பொண்ணு, ரெண்டு காலோட.

ஜேன் மேனிங் ஜேம்ஸப் பத்திச் சொல்லுங்க.

எனக்கு இந்த மொத்த வரலாற்றுலயும் மனசுல நிக்கிற ஆள் இவங்கதான். கனெக்டிகட்ல வில்டன்ங்கிற ஊர்ல சுதந்திரமா பிறந்த கறுப்பினப் பொண்ணு, வெள்ளைக்காரங்க வீட்டுல வேலை. சபையில சேர்ந்துட்டு 1843-ல அம்மா, தம்பி தங்கச்சிங்களோட நாவூவுக்குக் கிளம்பினாங்க. பஃபலோவுல படகுல ஏத்த மாட்டோம்னு சொல்லிட்டாங்க, வெள்ளைக்காரங்க படகுல போயிட்டாங்க, இவங்க நடந்தாங்க. எண்ணூறு மைல் போல. செருப்பு தேஞ்சு, கால் வெடிச்சு, ரத்தத்துல முழு பாதமும் தரையில பதிஞ்சுதுன்னு 1890-கள்ல வயசான காலத்துல சொல்லி எழுத வெச்சிருக்காங்க. பியோரியாவுல விடுதலைச் சீட்டு எங்கன்னு கேட்டு ஜெயில்ல போடுவோம்னு மிரட்டினாங்க, அடிமையாவே இருந்ததில்லாதவங்ககிட்ட. முன்னாடியே அனுப்பின துணிப்பெட்டி திருடு போயிடுச்சு, நாவூவுல ஜோசப் ஸ்மித் வீட்டுல உக்காந்து அதுக்காக அழுதாங்க, நீ நண்பர்கள் நடுவுலதான் இருக்கன்னு அவர் சொன்னார்னு அவங்க கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க.

1847-ல சால்ட் லேக் வந்துட்டாங்க. 1849 ஏப்ரல்ல எலைசா லைமன்ங்கிற பக்கத்து வீட்டம்மாவோட டைரியில ஒரு வரி இருக்கு. வீட்டுக்காரர் கலிபோர்னியா போயிட்டார், வீட்டுல மாவு இல்ல, அப்ப ஜேன் ஜேம்ஸ் ரெண்டு பவுண்டு போல மாவு கொடுத்தாங்க, அவங்ககிட்ட இருந்ததே அதுல ரெண்டு மடங்குதான். பாதியக் கொடுத்திருக்காங்க. பிற்பாடு நினைச்சு எழுதினது இல்ல, அந்த சமயத்துல எழுதினது.

இந்த அம்மாவ, கறுப்பினம்ங்கிற ஒரே காரணத்துக்காக, டெம்பிள்ல நடக்கிற முக்கியமான சடங்குகளுக்கு விடல. தலைவர்களுக்குத் திரும்பத் திரும்ப மனு கொடுத்தாங்க. 1894-ல ஒரு சடங்கு வெச்சாங்க, ஜோசப் ஸ்மித் குடும்பத்துக்கு நித்தியமா ஊழியக்காரியா இணைக்கிற சடங்கு, அதுக்குக்கூட இவங்கள உள்ள விடல, இவங்களுக்குப் பதிலா ஒரு வெள்ளைக்காரம்மா நின்னாங்க. அதோட விடல ஜேன், அதுக்கப்புறமும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 1908-ல இறந்தப்ப சபைத் தலைவரே இறுதிச் சடங்குல பேசினார். அந்தத் தடை 1978 ஜூன்லதான் போச்சு. இதப் படிக்கிறப்பல்லாம் எனக்குக் கோபம் வருது. அவங்களுக்கு நம்பிக்கை போகவே இல்லங்கிறதும் அதே எழுத்துல இருக்கு, அத என் கோபத்துக்காக நான் மறைக்க முடியாது.

பலதார மணம்? பெண்கள் எப்படித் தாங்கினாங்க?

1852-ல வெளிப்படையா அறிவிச்சாங்க, 1890-ல புதுசா செய்யக் கூடாதுன்னு அப்போ சபைத் தலைவரா இருந்த வில்ஃபர்ட் உட்ரஃப் அறிக்கை விட்டார். எல்லாரும் அப்படி வாழல. சில பேர் டைரியில வலி இருக்கு, சில பேர் முழு மனசோட ஆதரிச்சு எழுதியிருக்காங்க, ரெண்டு விதமும் படிங்க.

மார்த்தா ஹியூஸ் கேனன எடுத்துக்கோங்க. 1857-ல வேல்ஸ்ல லாண்டுட்னோவுல பிறப்பு. 1861-ல புல்வெளி தாண்டுறப்ப குட்டித் தங்கச்சி செத்துப் போச்சு, சால்ட் லேக் வந்து மூணாவது நாள் அப்பா இறந்துட்டார். அச்சுக்கோர்க்கிற வேலை பார்த்து காசு சேர்த்து மிச்சிகன்ல 1880-ல டாக்டர் பட்டம். ஆங்கஸ் கேனனுக்கு நாலாவது மனைவி. பலதார மணத்துக்காக போலீஸ் தேடினப்ப சாட்சி சொல்லக் கூடாதுன்னு குழந்தையோட இங்கிலாந்துக்கு ஒளிஞ்சு போனாங்க. 1896-ல மாநில செனட் தேர்தல், வேட்பாளர் பட்டியல்ல புருஷன் ஒரு கட்சி, இவங்க இன்னொரு கட்சி. இவங்க ஜெயிச்சாங்க, புருஷன் தோத்தார், அமெரிக்காவுலயே முதல் பெண் மாநில செனட்டர். 2024 டிசம்பர்ல வாஷிங்டன் கேபிடல்ல உட்டா சார்பா அவங்க சிலையத் திறந்தாங்க.

அந்த நிலம் காலியாவா கிடந்துச்சு?

காலியா கிடக்கல. யூட், ஷோஷோனி, கோஷியூட், பையூட் ஜனங்க வாழ்ந்த நிலம். இவங்க மாடு மேய்ஞ்ச புல்லு அவங்க விதை பொறுக்கித் தின்ன புல்லு. 1850-கள்லயும் 60-கள்லயும் சண்டைகள் நடந்துச்சு. துரத்தப்பட்டு வந்தவங்களே இன்னொரு ஜனத்தத் துரத்தினாங்க. அதே மாதிரி 1857 செப்டம்பர்ல மவுண்டன் மெடோஸ்ல, கலிபோர்னியாவுக்குப் போய்க்கிட்டிருந்த பயணிகள்ல 120 பேர் போல, பெண்கள் குழந்தைகளோட சேர்த்து, உள்ளூர் மார்மன் படை கொன்னுச்சு. ஒரே ஒருத்தர், ஜான் டி. லீ, இருபது வருஷம் கழிச்சு தண்டனை வாங்கினார். ஹான்ஸ் மில்ல எழுதுறவங்க இதையும் எழுதியே ஆகணும்.

இந்தியாவுக்கு ஏதாவது சம்பந்தம் இருக்கா?

இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 1852-ல சால்ட் லேக்லேருந்து இந்தியாவுக்கும் சயாமுக்கும் ஆள் அனுப்பினாங்க, 1853 வசந்தத்துல கல்கத்தாவுல இறங்கினாங்க. அதுல ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன் மெட்ராஸுக்கே வந்தாங்க, 1853 ஜூலை. பாலன்டைன் ஸ்காட்லாந்துக்காரர், சால்ட் லேக்ல 1849-ல முதல் ஞாயிறு பள்ளி நடத்தினவர். மெட்ராஸ்ல துண்டுப் பிரசுரம், மாசப் பத்திரிகை எல்லாம் அச்சடிச்சாங்க, ஆனா அவங்க பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷ்ல, கேட்டவங்க ராணுவத்து ஐரோப்பியர்கள், சேர்ந்தவங்க ரொம்பக் கொஞ்சம். ஒரு வருஷத்துல பாலன்டைன் கிளம்பிட்டார்.

சயாமுக்குன்னு அனுப்பினவங்கள்ல ஒருத்தர் யாரு தெரியுமா, மேல சொன்ன அதே லீவை சாவேஜ். சயாம் போக முடியாம பர்மாவுலயே ரெண்டு வருஷம் போல இருந்துட்டு, திரும்பிப் போற வழியிலதான் வில்லி கூட்டத்துல மாட்டினார். இத முதல்ல கவனிச்சப்ப நான் எழுந்து நடந்தேன், ரங்கூன் வெயில்ல இருந்த மனுஷன் ராக் கிரீக் பனியில.

அதே வில்லி கூட்டத்துல பம்பாயில பிறந்த எலிசபெத் சேவியர் டெய்ட்னு ஒரு அம்மாவும் இருந்தாங்க, புருஷன் பிரிட்டிஷ் படையில இருந்த ஸ்காட்லாந்துக்காரர். கல்கத்தாவுல சேர்ந்த ராணுவக்காரர் மேத்யூ மெக்யூன் குடும்பத்தோட உட்டா போயிட்டார். 1849-ல கல்கத்தாவுல பிறந்த அவர் மகன் ஆல்ஃபிரட் ரயில் பாதையிலயும் சுரங்கத்துலயும் பெரும் பணக்காரர் ஆனார், சால்ட் லேக்ல அவர் கட்டின மாளிகை இன்னும் நிக்குது.

வேற பக்கத்துலேருந்து வந்தவங்க?

1846-ல புரூக்ளின் கப்பல்ல இருநூத்தி முப்பது பேர் போல தென் அமெரிக்காவ சுத்தி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே கடல் வழியா போனாங்க. 1889-ல ஹவாய்க்காரங்க உட்டா பாலைவனத்துல இயோசெபான்னு ஒரு ஊர் கட்டி, 1917 வரைக்கும் இருந்துட்டு, சொந்த ஊர் லாயேல டெம்பிள் கட்டுறாங்கன்னதும் திரும்பிட்டாங்க. இவங்களப் பத்தித் தனியாவே எழுதணும்.

நான் எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

சபையோட வரலாற்றுத் துறை பயோனியர்கள் பேர், எந்தக் கூட்டம், எந்த வருஷம்னு ஒரு டேட்டாபேஸ் இலவசமா வெச்சிருக்கு, கூட்டத்தோட பேரப் போட்டா அதுல வந்தவங்க டைரிகளும் வரும். பேரு ஸ்பெல்லிங் மாறி மாறி இருக்கும், அதனால ஆள் பேர விட கூட்டத்துப் பேர வெச்சுத் தேடுறது சுலபம். எந்தக் குறிப்பு எடுத்தாலும் முதல்ல தேதியப் பாருங்க, அன்னைக்கு ராத்திரி எழுதினதா, நாப்பது வருஷம் கழிச்சு பேரப்பிள்ளைங்களுக்குச் சொன்னதான்னு. பின்னாடி சொன்னது பொய்னு அர்த்தமில்ல, வேற மாதிரி உண்மை, வேற மாதிரி படிக்கணும்.

என்னக் கேட்டா 1856 ஆகஸ்ட் 13-ல ஆரம்பிங்க. சாவேஜ் டைரி ஒரு பக்கம், சிஸ்லெட் நினைவுகள் இன்னொரு பக்கம் திறந்து வெச்சு, ராக் கிரீக் வரைக்கும் நாள் நாளா ரெண்டையும் சேர்த்துப் படிச்சுட்டுப் போங்க. ஒரு வாரம் பிடிக்கும், ராத்திரி படிக்காதீங்க.